டோக்கியோவுக்கு ஒரு படையெடுப்பு

புறப்படும் முன்

ஊர் விட்டு ஊர் போய்க் கச்சேரி பார்ப்பதை ஜப்பானிய ரசிகர்கள் 'என்செய்' என்கிறார்கள். படையெடுத்துச் செல்வது என்று பொருள். கச்சேரிக்குப் போவதற்கே அவர்கள் வழங்கும் சொல் 'சன்சென்'. அதுவும் போரில் இறங்குவதுதான். பாட்டுக் கேட்கப் போவதற்கு இத்தனை வீரமா என்று முன்பு சிரித்திருக்கிறேன். டிக்கெட் வாங்க முயன்ற இந்த ஐந்து மாதங்களில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

நிப்போன் புடோகான் அரங்கில் நவம்பர் கடைசி வாரத்தில் அடுத்தடுத்து இரண்டு மாலைகள் பாடவிருக்கும் ஓர் இசைக்குழுவைப் பார்க்கப் போகிறேன். குழுவின் பெயரை இந்தக் குறிப்புகளில் எழுதப்போவதில்லை. பெயர் வந்துவிட்டால் பயணம் மறந்துபோய், அவர்களுடைய பழைய பாட்டு நன்றா, புதிய பாட்டு நன்றா என்ற வழக்கு தொடங்கிவிடும். அந்த வழக்கில் எனக்கே இன்னும் தீர்ப்பு எட்டவில்லை.

வெளிநாட்டு ரசிகருக்கு விமான டிக்கெட் ஒரு தடையே அன்று. பணம் கொடுத்தால் கிடைத்துவிடும். ஜப்பானில் பெயர்பெற்ற குழுவின் கச்சேரி டிக்கெட்டோ பணம் இருந்தாலும் கிடைக்காது, முந்திக்கொண்டு போனாலும் கிடைக்காது. அதைக் குலுக்கலில்தான் தருகிறார்கள். குலுக்கலுக்கு 'சூசென்' என்று பெயர். முதல் சுற்று ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கு. பிறகு டிக்கெட் நிறுவனங்கள் நடத்தும் முன்பதிவுச் சுற்றுகள். ஏதேனும் எஞ்சினால் கடைசியில் பொதுவிற்பனை. ஒவ்வொரு சுற்றும் சில நாள்கள் திறந்திருக்கும்; முதல் நிமிடத்தில் விண்ணப்பித்தவரும் கடைசி நிமிடத்தில் விண்ணப்பித்தவரும் ஒன்றுதான். பின்னொரு நாள் மின்னஞ்சல் வரும். 'தோசென்' என்றிருந்தால் வென்றோம், 'ரகுசென்' என்றிருந்தால் தோற்றோம். வென்ற பிறகும் இருக்கை எது என்று தெரியாது. மேடைக்கு எதிரே முதல் வரிசைக்கும் கூரையை ஒட்டிய கடைசி வரிசைக்கும் பெரும்பாலும் ஒரே விலை. எங்களுக்கு அது 9,900 யென். எந்த இருக்கை என்பதைக் கச்சேரி நெருங்கும்போது, சில சமயம் அன்று காலையில்தான், கைபேசி காட்டும்.

கள்ளச்சந்தையில் வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அமைப்பாளர் மறுவிற்பனையைத் தடுத்து, வாங்குபவரின் பெயரைப் பதிந்து விற்ற டிக்கெட்டை முகமதிப்புக்கு மேல் தொழிலாக விற்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, 10 லட்சம் யென் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கும் சட்டம் 2019 ஜூன் 14 முதல் அங்கே நடப்பில் இருக்கிறது. சட்டத்துக்குத் தப்பி வாங்கினாலும் வாசலில் பெயர் பார்ப்பார்கள். வர முடியாமல் போனவர் தம் டிக்கெட்டை முகமதிப்புக்கே திருப்பிக் கொடுக்க 'டிரேட்' என்ற அதிகாரபூர்வமான வழி உண்டு. திரும்பி வந்த டிக்கெட்டும் மறுபடி குலுக்கலுக்கே போகும்.

இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லியே ஆக வேண்டும். பள்ளி மாணவியும் நிறுவன முதலாளியும் ஒரே பானைக்குள் சீட்டுகளாகக் கிடக்கிறார்கள். குறை என்னவென்றால், அந்தப் பானைக்குள் விழுவதற்கே வெளிநாட்டவர் படும் பாடு. பெரும்பாலான டிக்கெட் தளங்கள் ஜப்பானியக் கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி ஆளைச் சரிபார்க்கின்றன; அந்த எண் நம்மிடம் கிடையாது. பெயரைக் கதகானா எழுத்தில் கேட்கிறார்கள். அதையும் பாடுபட்டு எழுதினால், எழுத்துகள் 'முழு அகலத்தில்' இல்லை என்று படிவம் சிவப்பாகிவிடுகிறது. ஜப்பானிய விசைப்பலகையில் ஒரே எழுத்துக்குக் குறுகிய வடிவம், அகன்ற வடிவம் என்று இரண்டு உண்டு என்பதை நள்ளிரவு தாண்டிக் கண்டுபிடித்தேன்.

நல்ல வேளையாக இந்தக் குழுவின் ரசிகர் மன்றம் வெளிநாட்டு உறுப்பினர்களையும் சேர்த்துக்கொள்கிறது. நான் உறுப்பினர். என்னோடு வரும் அக்கா உறுப்பினர் இல்லை. அவருடைய கடன் அட்டையை அந்தத் தளம் மூன்று முறை திருப்பி அனுப்பியது. எனவே அவரை 'உடன் வருபவர்' என்ற கட்டத்தில் பெயர் கொடுத்துச் சேர்த்தேன். இரண்டு மாலைகளுக்கும் இரண்டிரண்டு இருக்கைகள் கேட்டிருந்தோம். முதல் மாலை கிடைத்தது. இரண்டாம் மாலை ரகுசென். அடுத்த சுற்றும் ரகுசென். அதற்கடுத்ததும் அதுவே.

முதல் நாள்

நரிட்டா விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் அக்காவை முதல் முறையாக நேரில் பார்த்தேன். இந்தக் குழுவின் பாட்டைப் பற்றிப் பேசப் பேச ஆறு ஆண்டுகளில் வளர்ந்த பழக்கம் எங்களுடையது. குரல் தெரியும், முகம் தெரியாது. அவருக்கு அறுபது வயதுக்கு ஒன்று குறைவு. ஒரு கையில் பெட்டி, மறு கையில் மடக்கு நாற்காலி.

"எதுக்கு அக்கா இது?"

"வரிசையில நிக்கணும்ன. என் முழங்காலுக்கு யாரு பதில் சொல்றது?"

விமான நிலையத்தில் வாங்கிக்கொண்ட ரயில் அட்டை வெல்கம் சுய்கா. முன்பணம் கட்டத் தேவையில்லை, 28 நாள் செல்லும். ஸ்கைலைனர் ரயில் மணிக்கு 160 கிலோமீட்டர் வரை வேகமெடுத்து 36 நிமிடங்களில் நிப்போரி நிலையத்தில் சேர்ப்பித்தது. அங்கிருந்து யமனோத்தே தடத்தில் சுகாமோ. பிறகு மித்தா சுரங்க ரயிலில் ஜிம்போச்சோ. பழைய புத்தகக் கடைகளுக்குப் பெயர்போன பகுதி அது. நாங்கள் அங்கே தங்கியதற்குப் புத்தகம் காரணமன்று: கச்சேரி முடிந்து பல ஆயிரம் பேர் ஒரே நிலையத்தின் படிகளில் இறங்கும்போது, நடந்தே விடுதி சேரக்கூடிய தொலைவில் இருப்பதுதான் புத்திசாலித்தனம். புடோகானுக்குரிய குதான்ஷித்தா நிலையம் இங்கிருந்து ஒரே நிறுத்தம்.

மாலை நாலரைக்கே இருட்டிவிட்டது. அக்கா நேரத்தோடு தூங்கிவிட்டார். நான் டிரேட் பக்கத்தைத் திறந்து, இரண்டாம் மாலைக்கு இரண்டு இருக்கைகள் கேட்டு விண்ணப்பம் போட்டுவிட்டுப் படுத்தேன்.

இரண்டாம் நாள்

காலையில் டிரேட் முடிவு வந்தது: ரகுசென். மறுபடி போட்டேன்.

இன்று மாலை காலியாக இருந்ததால் ஷிமோகிதாசாவாவுக்குப் போனோம். ஷிபுயாவிலிருந்து இனோகஷிரா தடத்து விரைவு ரயிலில் அடுத்த நிறுத்தமே அதுதான். சிறு குழுக்கள் பாடும் 'லைவ் ஹவுஸ்' எனப்படும் கூடங்கள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. புடோகானைக் காணப் போகிறவர் இப்படிப்பட்ட ஒரு கூடத்தையும் பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பெரிய அரங்கில் பாடும் குழுக்களில் பலவும் இத்தகைய கூடத்தில் முப்பது பேருக்குப் பாடித் தொடங்கியவைதாம்.

நாங்கள் போன கூடம் நிலவறையில் இருந்தது. சுவர் முழுக்க ஒட்டுத்தாள்கள் அப்பிய குறுகலான படிக்கட்டு. இங்கே இருக்கை கிடையாது. டிக்கெட்டில் ஒரு வரிசை எண் இருக்கும். தெருவில் ஓர் இளைஞன் நின்று எண்களைப் பத்துப் பத்தாகக் கூவ, தம் எண் வந்தவர்கள் மட்டும் சத்தமில்லாமல் முன்னால் வந்து இறங்குகிறார்கள். எங்கள் எண்கள் 41, 42. ஜப்பானிய எண்களை விமானத்தில் உருப்போட்டிருந்த அக்கா, தம் எண் கூவப்பட்டதும் "ஹை!" என்று வகுப்பில் பதில் சொல்வதுபோல் கை தூக்கினார். இளைஞன் தலைகுனிந்து வணங்கினான்.

உள்ளே நுழைந்ததும் பானத்துக்கென்று ஆளுக்கு 600 யென் தனியே கேட்டார்கள். டிக்கெட் வாங்கியாயிற்று, தாகமும் இல்லை, எதற்கு இது என்று அக்கா புருவம் உயர்த்தினார். இதற்குக் காரணம் உண்டு. இத்தகைய கூடங்கள் பெரும்பாலும் நாடக அரங்குக்கான உரிமம் பெறுவதில்லை; அந்த உரிமத்துக்கான கட்டட விதிகள் நிலவறைகளுக்கு எட்டாதவை. அதனால் உணவகமாகப் பதிவு செய்துகொள்கிறார்கள். உணவகம் என்றால் வந்தவர் ஏதாவது அருந்தத்தானே வேண்டும்? சட்டத்தின் கண்ணில் நாங்கள் அங்கே தேநீர் குடிக்கப் போனவர்கள். பக்கத்தில் யாரோ கிதார் வாசித்தார்கள்.

கொடுத்த பணத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வில்லை தந்தார்கள். அதைக் கொடுத்தால் பானம். மூன்று குழுக்கள் அரைமணி அரைமணியாக வாசித்தன. ஒலி நெஞ்செலும்பில் தட்டியது. காதடைப்பான் இல்லாமல் போயிருந்தால் மறுநாள் கச்சேரி பாழாகியிருக்கும். முடிந்ததும், சற்றுமுன் மேடையில் துள்ளிக்கொண்டிருந்த பாடகியே கதவருகே மேசை போட்டுக் குறுந்தகடு விற்றுக்கொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார், சொன்னோம். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். தம் கச்சேரிக்காகவே நாங்கள் கடல் கடந்து வந்ததாக எண்ணிவிட்டார் என்பது படியேறும்போதுதான் எங்களுக்கு உறைத்தது. திரும்பிப் போய்த் திருத்த மனம் வரவில்லை.

மூன்றாம் நாள்

டிரேட்: ரகுசென். "ரெண்டு சேர்ந்தாப்பல யாரு திருப்பிக் குடுக்கப் போறாங்க? நீ ஒத்தை சீட்டுக்குப் போட்டு வை" என்றார் அக்கா. கடைசிச் சுற்றுக்கு அப்படியே போட்டேன். அதன் பொருள் என்னவென்று இருவருமே பேசவில்லை.

காலை பத்து மணிக்கு யசுகுனி சாலை வழியாக நடந்து, மனாய்த்தா பாலத்தைக் கடந்து, குதான் ஏற்றத்தில் ஏறினோம். சாலையோரத்து கிங்கோ மரங்கள் மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருந்தன. எடோ கோட்டையின் தயாசு வாயிலுக்குள் நுழைந்ததும் மரங்களுக்கு மேலே அந்தக் கூரை தெரிந்தது. எண்கோணக் கட்டடம், கூரையின் வடிவத்துக்கு நாராவில் ஹோர்யூஜி ஆலயத்திலுள்ள கனவு மண்டபம் முன்மாதிரி, உச்சியில் பொன்னிறக் குமிழ். ரசிகர்கள் அக்குமிழைப் பெரிய வெங்காயம் என்றே சொல்கிறார்கள். 1964 ஒலிம்பிக்கில் ஜூடோ போட்டிக்காகக் கட்டியது. இன்றும் ஆண்டுதோறும் நவம்பர் 3 அன்று கெண்டோ வாள்வீச்சின் தேசியப் போட்டி நடப்பது இங்கேதான். 1966இல் பீட்டில்ஸ் குழு ஜூன் 30 முதல் ஜூலை 2 வரை மூன்று நாள்களில் ஐந்து கச்சேரிகள் பாட வந்தபோது, வீரக்கலைக்குரிய இடத்தில் ராக் பாட்டா என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. அதன் பிறகு ஜப்பானிய இசைக்குழுக்களுக்குப் புடோகானில் பாடுவதே ஒரு பட்டமளிப்பு மாதிரி ஆகிவிட்டது. படையெடுப்பு, போர் என்ற சொற்கள் இந்த ஓர் இடத்திலாவது முழுக்கப் பொருந்துகின்றன.

காலையிலேயே போனது 'புப்பான்' வரிசைக்காக. நினைவுப் பொருள் விற்பனைக்கு அப்படிப் பெயர். துண்டு, சட்டை, கைப்பை எல்லாம் வேண்டியதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் பதக்கங்கள் மூடிய உறைக்குள் வரும், எந்த உறுப்பினரின் படம் உள்ளே என்று பிரித்தால்தான் தெரியும். இங்கேயும் குலுக்கல்தான்! அக்கா ஐந்து உறை வாங்கினார். நான்கில் மேளம் வாசிப்பவரே சிரித்தார். அக்காவுக்கு வேண்டியது பேஸ் கிதார் வாசிப்பவர்.

அரங்கத்துக்கு வெளியே, வழியை மறிக்காத ஓரங்களில், ரசிகர்கள் தம்மிடம் மிஞ்சிய பதக்கங்களைக் கையில் ஏந்தி நின்றிருந்தார்கள். அக்கா மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்து, மடியில் கைக்குட்டை விரித்து, நான்கு மேளக்காரர்களையும் வரிசையாக வைத்தார். கொஞ்ச நேரத்தில் அக்கா வயதையொத்த ஒரு ஜப்பானிய அம்மையார் வந்து குனிந்து பார்த்தார். இவர் மேளக்காரரைக் காட்டினார். அவர் பையிலிருந்து பேஸ் வாசிப்பவரை எடுத்தார். அந்தப் பதக்கம் ஒளிபுகும் மெல்லிய உறையில் இருந்தது. கீறல் விழாமல் இருக்க வீட்டிலேயே உறையிட்டு எடுத்து வந்திருக்கிறார். அக்காவின் பதக்கத்துக்கு உறை இல்லை. அம்மையார் தம் பையிலிருந்து வெற்றுறை ஒன்றை எடுத்து நீட்டி, அக்கா தம் பதக்கத்தை அதில் இடும்வரை காத்திருந்து, பிறகு இருவரும் இரு கைகளாலும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் தட்டு மாற்றிக்கொள்வதுபோல் இருந்தது. இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. இருந்தும் அந்த அம்மையார் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போனார். அக்காவும் தமிழிலேயே பதில் சொன்னார்.

மாலை ஐந்தரைக்கு வாசல். கைபேசிச் செயலியில் டிக்கெட், கையில் கடவுச்சீட்டு. செயலியில் பெயர் கதகானாவில் இருந்தது. அக்காவின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. கதகானாவிலோ ரகரத்துக்கும் லகரத்துக்குமே தனித்தனி எழுத்து கிடையாது, ழகரத்துக்கு எங்கே போவது? போதாக்குறைக்கு, கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் இருந்தது அவருடைய தந்தையின் பெயர். வாசலில் நின்ற பெண் செயலியை ஒரு முறை, கடவுச்சீட்டை ஒரு முறை பார்த்துவிட்டு, அக்காவின் தந்தையின் பெயரை எழுத்தெழுத்தாக, மிகுந்த மரியாதையோடு வாய்விட்டுப் படித்தார். அக்கா "ஹை" என்றார். விட்டுவிட்டார்கள். "அப்பா பேரை யாரோ கூப்பிட்டுக் கேட்டு எத்தனை வருஷமாச்சு" என்று படியேறும்போது முணுமுணுத்தார்.

புடோகானில் இருக்கைகளைத் திசை சொல்லிக் குறிக்கிறார்கள். எங்களுடையது தென்கிழக்கு, இரண்டாம் தளம், கடைசிக்குச் சற்று முன்னால். செங்குத்தான சரிவு, முன்வரிசைக்காரரின் தலை நம் முழங்காலருகே இருக்கும். கூரையின் நடுவிலிருந்து ஜப்பானியக் கொடி தொங்குகிறது. தொலைக்காட்சியில் எத்தனையோ முறை பார்த்த கொடி. முழுக்க நிறைத்தால் 14,471 பேர் கொள்ளும் அரங்கம் என்றாலும், வட்டமாகச் சூழ்ந்து செங்குத்தாக ஏறுவதால் மேடை கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோல் தோன்றுகிறது. முகங்கள் தெரியவில்லை, ஆனால் யார் எந்தப் பக்கம் நடக்கிறார், எப்போது தண்ணீர் குடிக்கிறார் என்பதெல்லாம் தெரிந்தது.

ஆறரை என்றால் ஆறரை. விளக்கணைந்த கணத்தில் எழுந்த குரலைக் கேட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பெருந்தொற்றுக் காலத்தில் ஜப்பானியக் கச்சேரிகளில் ரசிகர்கள் வாய் திறக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது, கைதட்டல் மட்டும்தான். 2023 ஜனவரி இறுதியில்தான் முழு அரங்கிலும் குரல் எழுப்பலாம் என்று தளர்த்தினார்கள். குரலில்லாத அந்தக் கச்சேரிகளின் ஒளிபரப்பை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

பாட்டுகளைப் பற்றி எழுதப் போவதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டரை மணி நேரத்தில், படம் எடுக்க அனுமதித்த ஒரே ஒரு பாட்டைத் தவிர, ஒரு கைபேசிகூட உயரவில்லை. வாசலில் கொடுத்த கைப்பட்டை விளக்குகள் மட்டும் எங்கிருந்தோ வரும் கட்டளைக்கு ஏற்ப ஒரே சமயத்தில் நீலமாகவும் வெள்ளையாகவும் மாறின. பியானோவும் குரலும் மட்டுமே உள்ள அந்த மெதுவான பாட்டின் முடிவில், கடைசி ஒலி காற்றில் முழுக்கக் கரையும்வரை அத்தனை பேரில் ஒருவரும் கைதட்டவில்லை. எனக்குத் தும்மல் வந்தது, அடக்கினேன். அவ்வளவு பேரோடு சேர்ந்து மூச்சை அடக்கியிருந்த அந்த நான்கைந்து நொடிகளில் நான் எந்த நாட்டுக்காரி என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. என்னாலும் முடிந்திராது.

முடிந்ததும் பகுதி பகுதியாகப் பெயர் சொல்லித்தான் வெளியே விடுகிறார்கள். எங்கள் முறை வர இருபது நிமிடம் ஆயிற்று. கடைசிப் பாட்டில் வெடித்துப் பறந்த வெள்ளித் தாள் நாடாக்கள் கீழ்த்தளத்தோடு நின்றுவிட்டன. வெளியே வந்தபோது கை நிறைய நாடா வைத்திருந்த ஒரு பெண், மேலிருந்து வருகிறவர்களாகப் பார்த்துப் பார்த்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா அதைக் கடவுச்சீட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

நான்காம் நாள்

பதினொரு மணிக்கு மின்னஞ்சல். தோசென். ஓர் இருக்கை.

விண்ணப்பம் என் பெயரில், எனவே டிக்கெட் என் பெயரில். உடன் வருபவர் என்ற கட்டம் ஒற்றை இருக்கைக்குக் கிடையாது. அக்காவுக்குக் கொடுக்க வழியிருக்கிறதா என்று மன்றத்தின் விதிகளை மொழிபெயர்ப்புச் செயலியில் ஓட்டி இருமுறை படித்தேன். யாருக்கும், எக்காரணத்தாலும், பணம் வாங்காமலும்கூட, மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று அதில் இருந்தது. நான்கு நாள்களுக்கு முன் இதே விதியைப் புகழ்ந்து எழுதியவள் நான்தான். பணக்காரனின் கையைத் தட்டிவிடும் விதி, அக்காவிடம் நீட்டிய என் கையையும் தட்டிவிட்டது. அது நியாயமான விதி என்ற கருத்து இப்போதும் மாறவில்லை. ஆனால் முற்பகல் முழுவதும் அதன் மேல் கோபமாக இருந்தேன்.

"அப்ப நானும் போகல. திருப்பிக் குடுத்துடறேன்."

"டிரேட் முடிஞ்சுபோச்சும்மா. நீ போகலேன்னா அந்தச் சீட்டு சும்மா கிடக்கும். வெளில எத்தனை பேரு ஏங்கிட்டிருப்பாங்க, அது பாவம். நீ போ. நான் வெளில இருக்கேன்."

அரங்கத்துக்கு வெளியே கசியும் ஒலிக்கு 'ஓதோமோரே' என்று பெயர். அதைக் கேட்க வாசலில் கூட்டம் சேருவதை அமைப்பாளர்கள் விரும்புவதில்லை. நிற்காதீர்கள் என்று பணியாளர்கள் அறிவித்துக்கொண்டே இருப்பார்கள். மடக்கு நாற்காலிக்கு அங்கே வேலையில்லை. நவம்பர் குளிர் வேறு. எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அக்கா கழுத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் நடந்தார்.

இன்று எனக்குக் கிடைத்தது கீழ்த்தளம். மேடையிலிருந்து பதினெட்டாம் வரிசை. முகங்கள் தெரிந்தன, பேஸ் வாசிப்பவர் தம் கால்விரலால் தாளம் போடுவதுகூடத் தெரிந்தது. இதைவிட நல்ல இருக்கை என் வாழ்நாளில் கிடைக்குமா தெரியாது. மூன்றாவது பாட்டு நேற்றுப் பாடாதது. பத்து ஆண்டுப் பழைய பாட்டு, அக்காவும் நானும் பழகத் தொடங்கியதே அந்தப் பாட்டால்தான். பக்கத்தில் இருந்தவர்கள் துள்ளினார்கள். நான் கதவு எந்தப் பக்கம் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளி நாடாக்கள் தலைமேல் விழுந்தன. கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டேன்.

வெளியே அக்காவைக் கண்டுபிடிக்க நேரமாயிற்று. தயாசு வாயிலின் மதிலோரம், மூக்கு சிவக்க, ஒரு கையில் பென்சிலும் மறு கையில் சிறு குறிப்பேடுமாக நின்றிருந்தார். நிற்க விடவில்லையாம், அதனால் இரண்டரை மணி நேரமும் நடந்திருக்கிறார். முழுச் சுற்று வர முடியாது, பின்பக்கம் லாரிகள் நிறுத்தி வேலி போட்டிருந்தார்கள்.

"பிரதோஷத்துக்கு கோமுகி வரைக்கும் போய்த் திரும்பி வருவோமே, அந்த மாதிரிதான். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்."

"முழங்கால்?"

"அது நாளைக்குப் பேசும்."

ஐந்தாம் நாள்

இதை ஸ்கைலைனரில் எழுதுகிறேன். அக்காவின் முழங்கால் நிஜமாகவே பேசுகிறது. நிலையப் படிகளைத் தவிர்த்து மின்தூக்கி தேடித் தேடி வந்தோம். மடக்கு நாற்காலி நேற்று உதவாததற்கெல்லாம் சேர்த்து இன்று ஒவ்வொரு நடைமேடையிலும் விரிந்தது.

குறிப்பேட்டை என்னிடம் நீட்டிச் சரிபார்க்கச் சொன்னார். நேற்றைய பாட்டுகளின் வரிசை. சுவருக்கு வெளியே வருவது பேஸும் மேளமும் மட்டும்தான். மெட்டோ சொற்களோ வராது. எந்தப் பாட்டில் பேஸ் எப்படி நடக்கும் என்பதை ஆறு ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டுப் பழகியவர், அதை வைத்தே எழுதியிருக்கிறார். ஒன்று, இரண்டு சரி. மூன்றாவது, அந்தப் பழைய பாட்டு. அதற்கு அடியில் இரண்டு கோடுகள் இழுத்திருந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். மொத்தம் 21 பாட்டு, வரிசைகூடப் பிசகவில்லை. பன்னிரண்டாம் எண்ணுக்கு எதிரே மட்டும் ஒரு சிறு கோடு.

"இங்க ஒண்ணுமே கேக்கலம்மா. கொஞ்ச நேரம் எல்லாம் நின்னுபோச்சு. கைதட்டுகூட ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்துது. என்ன பாட்டு அது?"

பியானோவும் குரலும் மட்டும் உள்ள பாட்டு. பென்சிலை வாங்கி அந்தக் கோட்டின் மேல் பெயரை எழுதிக் கொடுத்தேன்.